சிறிய டிராக்டருக்கு எத்தனை அடி ரோட்டவேட்டர்?

வாசகர் கேள்வி: என்னிடம் 24 குதிரைத்திறன் எஞ்சின் கொண்ட சிறிய டிராக்டர் இருக்கிறது. பி.டி.ஓ. (பின்னால் பூட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) திறன் 20 குதிரைத்திறன் என்றும், ஹைட்ராலிக் தூக்கும் திறன் 750 கிலோ என்றும் கையேட்டில் போட்டிருக்கிறது. பின் டயர்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை அளந்தால் 44 அங்குலம் வருகிறது. நிலம் 3 ஏக்கர். 2 ஏக்கரில் காய்கறி, மீதியில் மர வரிசைகள். மண் களி கலந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் சரளைக் கற்கள் உண்டு. கோரைக் களையும் இருக்கிறது. இதுவரை கல்டிவேட்டர் மட்டுமே வைத்து உழுதேன். இப்போது, சுழலும் பிளேடுகளால் மண்ணை வெட்டித் தூளாக்கும் ரோட்டவேட்டர் வாங்க நினைக்கிறேன். 5 அடி வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார் விற்பனையாளர். 4 அடியே போதும் என்கிறார் நண்பர். எதை வாங்குவது? செயின் நல்லதா, கியர் நல்லதா? எந்த வகை பிளேடு போட வேண்டும்? தெரிந்தவர் ஒருவர் தம்முடைய பழைய 4 அடி ரோட்டவேட்டரைத் தருவதாகச் சொல்கிறார். அதை நம்பி வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம். தேவையான அளவுகளை எல்லாம் எடுத்து எழுதியிருப்பதால், சுற்றி வளைக்காமல் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் டிராக்டருக்கும் உங்கள் மண்ணுக்கும் 4 அடி ரோட்டவேட்டர்தான் பொருந்தும். 5 அடிக் கருவியையும் உங்கள் டிராக்டர் தூக்கும். பொலபொலவென்ற மணற்பாங்கான மண்ணில் மேலோட்டமாக ஓட்டவும் செய்யும். ஆனால் களி கலந்த மண்ணில், காய்கறிக்கு வேண்டிய ஆழத்தில், கட்டி உடைந்து மண் தூளாகும் அளவுக்கு அதனால் ஓட்ட முடியாது.

கல்டிவேட்டரோடு பழகியவர்கள் ரோட்டவேட்டர் வாங்கும்போது இடறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கல்டிவேட்டரை டிராக்டர் இழுத்துச் செல்கிறது; பாரம் கூடினால் சக்கரம் வழுக்கும், ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும். ரோட்டவேட்டரில் இழுவைப் பாரம் மிகக் குறைவு. எஞ்சினின் பலம் பி.டி.ஓ. தண்டு வழியாக நேரே பிளேடுகளுக்குப் போய் மண்ணை வெட்டுகிறது. ஆகவே இங்கே கணக்கில் கொள்ள வேண்டியது எஞ்சின் மேல் எழுதியிருக்கும் 24 என்ற எண் அல்ல, பி.டி.ஓ. தண்டில் கிடைக்கும் 20 என்ற எண். ஓர் அடி அகலத்துக்குக் குறைந்தது 5 பி.டி.ஓ. குதிரைத்திறன் என்பது நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள கணக்கு. அதுவும் நடுத்தரமான மண்ணுக்கு. இறுகிய களிமண்ணில் 6, 7 வரை கேட்கும். உங்கள் 20-ஐ 5-ஆல் வகுத்தால் கிடைப்பது சரியாக 4 அடி. இதில் கையிருப்பு என்று எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 5 அடி என்றால் தொடக்கத்திலேயே 5 குதிரைத்திறன் பற்றாக்குறை.

பற்றாக்குறை இருந்தால் வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். அப்படி நடப்பதில்லை. ரோட்டவேட்டரின் கியர்பாக்ஸ், பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும் என்ற கணக்கில் அமைக்கப்பட்டது. அப்போது பிளேடு பூட்டிய ரோட்டர் ஏறத்தாழ 200 சுற்றில் சுழலும். பாரம் தாங்காமல் எஞ்சின் வேகம் இறங்கினால் ரோட்டரின் வேகமும் கூடவே இறங்கும். ஆனால் ஒவ்வொரு அடி நிலத்திலும் பெயர்க்க வேண்டிய மண்ணின் அளவு குறைவதில்லை. எஞ்சின் புகை கக்கும், ஓட்டுபவர் கிளட்ச்சைப் பாதி மிதித்துச் சமாளிப்பார், கிளட்ச் பிளேட் தேயும். இல்லையென்றால் கருவியைத் தூக்கிப் பிடித்து 2 அங்குல ஆழத்தில் மண்ணைச் சீவிக்கொண்டு போவார். மேலே புழுதி தெரியும். காலால் கிளறிப் பார்த்தால் அடியில் மண் உடையாமல் அப்படியே கிடக்கும்.

அகலத்துக்கு அடுத்தபடியாக, ஏன் அதற்கு இணையாகவே, நீங்கள் பார்க்க வேண்டியது டிராக்டரின் மிகக் குறைந்த கியர் வேகம். விற்பனைக் கையேடுகளில் இது மேலே அச்சாவதில்லை. கடையில் யாரும் கேட்பதும் இல்லை. ஆனால் விதைப் படுக்கையின் தரத்தை இதுதான் தீர்மானிக்கிறது. ஒரு பிளேடு மண்ணை வெட்டிவிட்டுப் போன பிறகு, அதே தடத்தில் அடுத்த பிளேடு வந்து வெட்டுவதற்குள் டிராக்டர் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறதோ, அந்தக் கனத்தில்தான் மண் துண்டாகி விழும். பெரும்பாலான கருவிகளில், ரோட்டரில் பிளேடு பூட்டும் ஒவ்வொரு வட்டத் தகட்டிலும் 6 பிளேடுகள். 3 இடப்பக்கம் வளைந்தவை, 3 வலப்பக்கம் வளைந்தவை. ஆக, ஒரு தடத்தை ஒரு சுற்றில் 3 பிளேடுகள் வெட்டுகின்றன. ரோட்டர் நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் 600 வெட்டு. டிராக்டர் மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 33 மீட்டர் நகரும். ஒரு வெட்டின் கனம் சுமார் 5½ சென்டிமீட்டர். வேகம் 4 கிலோமீட்டரானால் கனம் 11 சென்டிமீட்டர். களிமண்ணில் இது கைப்பிடிக்கு அடங்காத கட்டி. கட்டி பெரிதாக வந்தால் பலரும் பிளேடைக் குறை சொல்கிறார்கள், அல்லது கருவியின் பெயரைக் குறை சொல்கிறார்கள். பல சமயம் காரணம் வேகம் மட்டுமே.

உங்கள் டிராக்டரில் இதை அளந்து பார்ப்பது எளிது. சமதளத்தில் 20 மீட்டருக்குக் கயிறு பிடித்து இரண்டு முனையிலும் குச்சி நடுங்கள். பி.டி.ஓ. 540 சுற்றுக்கு உரிய எஞ்சின் வேகம் எது என்பது எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதில் நிறுத்தி, இருப்பதிலேயே குறைந்த கியரில் ஓட்டி, குச்சிக்குக் குச்சி எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 36 நொடி ஆனால் வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர். உங்களுக்குக் கவலையே இல்லை. 24 நொடி ஆனால் 3 கிலோமீட்டர்; இரண்டு சால் ஓட்டிச் சமாளிக்கலாம். 18 நொடிக்குள் வந்துவிட்டால் வேகம் 4 கிலோமீட்டரைத் தாண்டுகிறது என்று பொருள். அப்படியானால் அந்த டிராக்டரில் களிமண்ணுக்கு ரோட்டவேட்டர் பூட்டுவதைப் பற்றியே ஒருமுறை யோசிக்க வேண்டும். சில சிறிய டிராக்டர்களில் பி.டி.ஓ.வுக்கு 540-ஐத் தவிர இன்னொரு கூடுதல் வேகமும் இருக்கும். 540-க்குச் செய்த கருவியை அந்த வேகத்தில் ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

விற்பனையாளர் சொன்ன நேர மிச்சத்தையும் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். 4 அடி என்பது 1.2 மீட்டர். மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் 2,400 சதுர மீட்டர். திரும்பும் நேரம், ஒரு சாலின் மேல் அடுத்த சால் ஏறுவது ஆகியவற்றுக்குக் கால்வாசியைக் கழித்தால் 1,800 சதுர மீட்டர். ஓர் ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர் என்பதால் ஏக்கருக்கு இரண்டேகால் மணி நேரம். 3 ஏக்கருக்கும் சேர்த்து ஏழு மணிக்குச் சற்றுக் குறைவு. 5 அடிக் கருவி இதே வேகத்தில், இதே ஆழத்தில் ஓடினால் ஐந்தரை மணி நேரம் ஆகும். உங்கள் நிலம் முழுவதையும் ஒருமுறை ஓட்டி முடிக்கும்போது மிச்சமாவது ஏறக்குறைய ஒரு மணி இருபது நிமிடம். எஞ்சின் திணறி, ஆழத்தைக் குறைத்து, இரண்டாம் சால் ஓட்ட நேர்ந்தால் அந்த மிச்சமும் போய், மேற்கொண்டு பல மணி நேரம் செலவாகும். பெரிய பரப்பில் நாள் முழுவதும் வாடகைக்கு ஓட்டுபவருக்கு அந்த ஓர் அடி முக்கியம்தான், உங்களுக்கு அல்ல.

அப்படியானால் இன்னும் குறைத்து மூன்றரை அடி வாங்கினால் எஞ்சினுக்குச் சுலபமாக இருக்காதா என்று நீங்கள் கேட்கக்கூடும். எஞ்சினுக்குச் சுலபம்; மண்ணுக்கு ஆகாது. கருவி குறைந்தபட்சம் பின் டயர்களின் வெளி ஓரம் வரையாவது மூட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சாலிலும் டயர் மிதித்து இறுக்கிய ஒரு பட்டை உழாமல் நிற்கும். அடுத்த சாலில் உழுத மண்ணின் மேலேயே டயர் ஏறும். உங்கள் 44 அங்குலத்துக்கு 48 அங்குலக் கருவி பக்கத்துக்கு 2 அங்குலம் வெளியே நீண்டு நிற்கும். இது கச்சிதமான பொருத்தம். ஆனால் கருவிக்கு இரண்டு அகலம் உண்டு: சட்டத்தின் மொத்த அகலம், பிளேடு வெட்டும் அகலம். சட்டத்தை அளந்து 4 அடி என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அளக்க வேண்டியது முதல் பிளேடின் வெளி நுனியிலிருந்து கடைசிப் பிளேடின் வெளி நுனி வரை. மர வரிசைகளை மனத்தில் வைத்து, இணைப்புப் புள்ளிகளைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொள்ளும் வசதியுள்ள சட்டமாகப் பாருங்கள். கருவியை ஒரு பக்கமாகத் தள்ளிப் பூட்டினால் டிராக்டர் கிளைக்கு வெளியே நிற்க, பிளேடு மட்டும் கிளைக்கு அடியில் போகும். மரத்தருகே 5, 6 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம். நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன.

இனி எடை. உங்கள் 750 கிலோ தூக்கும் திறன் எந்த இடத்தில் அளந்தது என்று கையேட்டில் பாருங்கள். கீழ் இணைப்புக் கைகளின் நுனியில் அளந்த எண் ஒன்று. நுனிக்கு 61 சென்டிமீட்டர் பின்னால் அளந்த எண் வேறொன்று, அது கணிசமாகக் குறைவாக இருக்கும். ரோட்டவேட்டரின் பாரம் நுனியில் இல்லை, அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. இருந்தாலும் 4 அடிக் கருவியைத் தூக்குவதில் உங்களுக்குச் சிரமம் வராது. சிரமம் டிராக்டரின் முன்பக்கத்தில்தான் வரும்.

உங்கள் டிராக்டரை ஒத்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்: எடை 900 கிலோ, அதில் 360 கிலோ முன் அச்சில், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஒன்றரை மீட்டர். 230 கிலோ எடையுள்ள கருவியின் மையம் பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் தொங்கினால், அது முன் அச்சிலிருந்து 184 கிலோவை எடுத்துவிடும், மீதி 176. டிராக்டரின் சொந்த எடையில் 20 சதவீதமாவது, அதாவது இங்கே 180 கிலோவாவது, முன் சக்கரங்களில் இருந்தால்தான் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும். 4 அடிக்கே எல்லைக்கோட்டில் நிற்கிறோம். முன்னால் எடைக்கட்டிகள் மாட்டியாக வேண்டும். 340 கிலோ எடையுள்ள 5 அடிக் கருவியை இதே இடத்தில் தொங்கவிட்டால் முன் அச்சில் மிஞ்சுவது 90 கிலோவுக்கும் குறைவு. வரப்பு ஏறும்போதோ மேட்டில் திரும்பும்போதோ முன் சக்கரம் தரையை விட்டு எழும்புவதற்கு இது போதும். அது உயிருக்கே ஆபத்து.

எடை குறைவான 5 அடியும் கிடைக்கிறதே என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். கிடைக்கிறது, அதை வாங்காதீர்கள். ரோட்டர் சக்கரத்தின் திசையிலேயே சுழல்வதால், இறுகிய தரையில் பிளேடு மண்ணுக்குள் இறங்காமல் கருவியை மேலே தூக்கி டிராக்டரை முன்னே தள்ளப் பார்க்கும். அதை அடக்கி உள்ளே இறக்குவது கருவியின் சொந்த எடை. ஆகவே ஓர் அடிக்கு எத்தனை கிலோ என்று பாருங்கள். இரண்டு கருவிகளுக்கு மொத்த எடை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், அகலம் குறைந்ததே களிமண்ணில் நன்றாக இறங்கும். எதிர்த்திசையில் சுழலும் வகையும் ஒன்று உண்டு. அது ஒரே சாலில் ஆழமாகவும் நுண்மையாகவும் ஓட்டும், கல்லையும் களையையும் அடியில் புதைக்கும்; ஆனால் அதே அகலத்துக்குக் கூடுதல் பலம் கேட்கும். உங்களிடம் அந்தக் கூடுதல் இல்லை.

பிளேடைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. எல் வடிவப் பிளேடு களையையும் தாளையும் நன்றாக வெட்டும். பெரும்பாலான கருவிகளில் அதுவே வரும். சி வடிவப் பிளேடு வளைவாக இருப்பதால் ஒட்டும் களிமண் அதில் அவ்வளவாக அப்பாது. பலமும் சற்றுக் குறைவாகக் கேட்கும். உங்கள் மண்ணில் களியின் பங்கு அதிகம் என்றால் சி, களைதான் பெரிய தொல்லை என்றால் எல். இரண்டும் ஒரே வட்டத் தகட்டில் பூட்டக்கூடியதாக இருக்கிறதா என்று கேட்டு வாங்கினால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். பிளேடுகள் ரோட்டரின் மேல் திருகு வரிசையில் பூட்டப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. எல்லாப் பிளேடும் ஒரே நொடியில் மண்ணில் அடிக்காமல், ஒன்றன் பின் ஒன்றாக அடித்தால்தான் கியர்பாக்ஸுக்கு அதிர்ச்சி போகாது. ஆகவே மாற்றும்போது மொத்தமாகக் கழற்றிக் குவிக்காமல், ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் அதே பக்கம் வளைந்த புதியதைப் பூட்டி, அதன் பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

செயினா, கியரா என்ற கேள்விக்கு வருகிறேன். இது பக்கவாட்டுப் பெட்டியில் இருக்கும் கடத்தி. மேலே உள்ள கியர்பாக்ஸிலிருந்து வரும் பலத்தை ரோட்டருக்கு இறக்குவது. 20 குதிரைத்திறனுக்குள் செயின் தாங்கும், எடையும் விலையும் குறைவு. ஆனால் செயின் நாளடைவில் நீளும், இழுவையைச் சரிபார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் ஒருநாள் அறுந்து பெட்டியையே உடைக்கும். கியருக்கு அந்தப் பராமரிப்பு இல்லை. எண்ணெய் மட்டும் குறையாமல் இருந்தால் போதும். உங்கள் நிலத்தில் சரளை இருப்பதால், கூடுதல் செலவைத் தாங்க முடியுமென்றால் கியரையே வாங்குங்கள் என்பேன். முடியாவிட்டால் செயினும் தவறல்ல. கவனம் மட்டும் வேண்டும்.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, கல்லில் பிளேடு மாட்டும்போது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் பாதுகாப்பு. இது இரண்டு விதம். ஷியர் போல்ட் இருந்தால், பாரம் மிஞ்சும்போது அந்தச் சிறிய போல்ட் அறுந்து மற்றவற்றைக் காப்பாற்றும். அறுந்ததும் எரிச்சலில் அதன் இடத்தில் கடினமான வேறொரு போல்ட்டைப் போடுபவர்கள் உண்டு. அடுத்த கல்லில் கியரோ, டிராக்டரின் பி.டி.ஓ. தண்டோ உடையும். தயாரிப்பாளர் சொன்ன வகைப் போல்ட்டை நாலைந்து உபரியாக டிராக்டர் பெட்டியிலேயே வைத்திருங்கள். ஸ்லிப் கிளட்ச் இருந்தால் எதுவும் அறாது. ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும் தட்டுகள் ஒரு கணம் வழுக்கிவிட்டுத் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். சரளை உள்ள நிலத்துக்கு இதுவே வசதி.

ஆனால் ஸ்லிப் கிளட்ச்சுக்கு ஒரு குணம் உண்டு. மழைக்காலம் முழுவதும் சும்மா நின்றால் தட்டுகள் துருவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு அது வழுக்காத வெறும் இரும்புத் துண்டு, பாதுகாப்பே கிடையாது. ஆகவே பருவத் தொடக்கத்தில், எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்பிரிங் நட்டுகளை எல்லாம் ஒரே அளவாகச் சில சுற்று தளர்த்துங்கள். தட்டுகளின் விளிம்பின் குறுக்கே பெயின்டால் ஒரு நேர்கோடு போடுங்கள். பிளேடு மண்ணில் ஊன்றியிருக்க, பி.டி.ஓ.வை இரண்டு மூன்று நொடி மட்டும் போட்டு நிறுத்திப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் தட்டுகள் விடுபட்டுவிட்டன. நட்டுகளை முன்பிருந்த அளவுக்கே முடுக்கிவிடலாம். கோடு நேராகவே நின்றால் கழற்றித் துருவைத் துடைத்தாக வேண்டும்.

பொருத்தும் விஷயத்தில் இரண்டைச் சரிபாருங்கள். சிறிய டிராக்டர்களில் கருவியைப் பூட்டும் மும்முனை இணைப்பு இரண்டு அளவில் வருகிறது: கீழ் இணைப்பில் கருவியை மாட்டும் முளையின் கனம் 22 மில்லிமீட்டர் உள்ள முதல் வகை, 16 மில்லிமீட்டர் உள்ள பூஜ்ஜிய வகை. உங்களுடையது பெரும்பாலும் முதல் வகையாக இருக்கும். என்றாலும் அளந்துகொண்டு போங்கள். மற்றொன்று பி.டி.ஓ. இணைப்புத் தண்டின் நீளம். கருவியோடு வரும் தண்டு பல டிராக்டர்களுக்கும் பொதுவாகச் செய்தது. சிறிய டிராக்டருக்கு நீளமாகவே இருக்கும். தண்டு கிடைமட்டமாக நிற்கும் நிலையில்தான் அது மிகவும் சுருங்கும். அந்த நிலையில் உள்குழாய் முட்டாமல் 2½ சென்டிமீட்டராவது இடைவெளி மிஞ்ச வேண்டும். முட்டினால் டிராக்டரின் பின்பக்கப் பேரிங்கே நொறுங்கும். அதே சமயம், மிகவும் நீளும் நிலையில் ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது நுழைந்திருக்க வேண்டும். வெட்ட வேண்டியிருந்தால் உள்குழாய், வெளிக்குழாய், அவற்றின் பிளாஸ்டிக் உறைகள் எல்லாவற்றையும் ஒரே அளவு வெட்டி, பிசிர் தேய்த்து, கிரீஸ் தடவிப் பூட்ட வேண்டும். உறை இடைஞ்சல் என்று கழற்றிப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். நிமிடத்துக்கு 540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. தொங்கும் துணி ஒன்று சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளவும் நேரம் கிடைக்காது. பிளேடில் சுற்றிய களையை அகற்றும்போது பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினையும் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டே இறங்குங்கள்.

பழைய கருவியைப் பொறுத்தவரை, பெயின்டைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். தேய்ந்த பிளேடும் ஒரு குறையல்ல. அது மாற்றக்கூடியது, விலை பேசும்போது சொல்லிக்கொள்ளலாம். முதலில் கருவியைத் தூக்கிக் கட்டை கொடுத்து நிறுத்தி, ரோட்டரின் இரு முனைகளிலும் பேரிங்கை ஒட்டிய இடத்தில் குனிந்து பாருங்கள். களைத்தண்டு, நார், கம்பி எல்லாம் அங்கே இறுகச் சுற்றியிருக்கும். அவற்றைக் கத்தியால் அறுத்து அகற்றியபின் ஆயில் சீல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய ரோட்டவேட்டர்கள் சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: நார் சீலை அறுக்கும், எண்ணெய் ஒழுகும், மண் உள்ளே போகும், பேரிங் தேயும். சீல் அருகே எண்ணெயில் குழைந்த கருஞ்சேறு இருந்தால் கதை அங்கே தொடங்கிவிட்டது என்று பொருள். ரோட்டரின் ஒரு முனையைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது.

பிறகு கியர்பாக்ஸின் எண்ணெய் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுங்கள். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் துகள் மினுங்கினால் பல் தேய்கிறது. ரோட்டரைக் கையால் மெல்லச் சுற்றி, அசையாத ஒரு குச்சியை அதன் குழாய்க்கு அருகே பிடித்துப் பார்த்தால், குழாய் வளைந்திருக்கிறதா என்பது தெரியும். இணைப்புப் புள்ளிகளின் வெல்டிங்கில் விரிசலோ, புதுப் பெயின்ட் அடித்த மறுவெல்டிங்கோ இருக்கிறதா என்று பாருங்கள். சீல் நனையாமல், எண்ணெய் சுத்தமாக, குழாய் நேராக இருந்தால் அந்த 4 அடிக் கருவியைத் தாராளமாக வாங்கலாம். குழாய் வளைந்திருந்தால், எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.

கோரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கோரையின் உயிர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில். ரோட்டவேட்டர் அந்தக் கிழங்குச் சங்கிலியைத் துண்டு துண்டாக்கி நிலம் முழுவதும் பரப்பிவிடும்; ஒவ்வொரு துண்டும் முளைக்கும். ஆகவே கோரை மண்டிய இடத்தில் கல்டிவேட்டரைக் கொண்டே கிழங்கை மேலே கொண்டுவந்து, கடும் வெயிலில் காயவைத்துப் பொறுக்குங்கள். அந்த இடத்தைச் சுத்தம் செய்த பிறகே ரோட்டவேட்டர் அங்கே போகலாம். வெளியே வரும்போது பிளேடில் சிக்கியதை அங்கேயே அகற்றிவிட்டு வாருங்கள்.

கல்டிவேட்டரை விற்றுவிட எண்ணியிருந்தால் வேண்டாம் என்று சொல்ல இதுவே இன்னொரு காரணம். ஈரக் களிமண்ணில் ரோட்டவேட்டரின் பிளேடு அடிமண்ணைத் தேய்த்து மெழுகிவிடும். பருவந்தோறும் ஒரே ஆழத்தில் ஓட்டினால் அந்த மெழுகிய அடுக்கு வேரும் நீரும் இறங்காத தட்டாக இறுகும். அந்தத் தட்டை உடைக்க அதற்குக் கீழே இறங்கும் உளிக்கலப்பை ஏதாவது ஒன்று அவ்வப்போது போக வேண்டும். கைப்பிடி மண்ணை எடுத்து உருட்டிக் கட்டை விரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் பதம் சரி, பிசைந்த மாவுபோல் நீண்டால் இன்னும் சில நாள் காத்திருங்கள். முதலில் கல்டிவேட்டரால் கீறிவிட்டுப் பிறகு ரோட்டவேட்டரை ஓட்டினால் எஞ்சினுக்கும் பாரம் குறையும். அதுவும் முதல் சால் 6, 7 சென்டிமீட்டர், இரண்டாம் சால் 12 சென்டிமீட்டர் என்று இறக்குங்கள். நாற்று நடப்போகும் பாத்திக்கு, ரோட்டவேட்டரின் பின்னால் தொங்கும் பலகையைச் சற்று உயர்த்திவிடலாம். சிறுவிதை தூவப்போகும் பாத்திக்கு மட்டும் பலகையைத் தாழ்த்தி நன்றாகத் தூளாக்கினால் போதும். எல்லா இடத்தையும் மாவாக அரைத்தால் அடுத்த மழையில் மேல்மண் ஓடுபோல் இறுகி முளை வெளியே வராது.

புதியதோ பழையதோ, பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் நிலத்திலேயே, களி அதிகமுள்ள பக்கத்தில், ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மிகக் குறைந்த கியரில், 540 சுற்றுக்கு உரிய எஞ்சின் வேகத்தில், கல்டிவேட்டரால் கீறிய மண்ணில் 12 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 50 மீட்டர் ஓட்டட்டும். மீட்டர் முள் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்காமல், கிளட்ச்சைத் தொடாமல் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தால் வாங்குங்கள். போகிற வழியில் எஞ்சின் திணறினால், முன் சக்கரம் மிதந்தால், அல்லது ஓட்டுபவர் லிவரைத் தூக்கித் தூக்கி ஆழத்தைக் குறைத்தால், சாலின் நடுவே ஓர் அளவுகோலை ஊன்றி உண்மையான ஆழத்தை அவருக்கே காட்டிவிட்டு, வேறு கருவி பாருங்கள்.